இறக்கை அடிக்காமல் கடல் தாண்டுவது எப்படி?

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் தேதி கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்குகிறது. ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் போக, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இன்ன தலைவர் பிறந்தநாள், இன்ன நாட்டு விடுதலை நாள். ஜூன் 19ஆம் தேதித் தாளில் அல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் பெயரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆனால் 2020 முதல் அன்றைக்குத்தான் உலக அல்பட்ராஸ் தினம். 2001இல் அதே தேதியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், அல்பட்ராஸ்களையும் அவற்றின் பங்காளிகளான பெட்ரெல் பறவைகளையும் காப்பாற்ற ஒரு பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நினைவுக்குத்தான் இந்தத் தினம்.

பறவையைப் பற்றி நிறையச் சொல்லலாம். நான் இங்கே சொல்ல வருவது அதன் ஒரே ஒரு வித்தையை. ஆங்கிலத்தில் இதற்கு டைனமிக் சோரிங் என்று பெயர். காற்று எல்லா உயரத்திலும் ஒரே வேகத்தில் அடிப்பதில்லை. அந்த வேக வித்தியாசத்திலிருந்தே சக்தியை உறிஞ்சிப் பறப்பதுதான் வித்தை. இது புரிந்துவிட்டால், அல்பட்ராஸின் உடம்பு ஏன் அப்படி இருக்கிறது, அது ஏன் அவ்வளவு தூரம் போகிறது, கடைசியில் ஏன் மீன்பிடித் தூண்டிலில் மாட்டிச் சாகிறது என்பதெல்லாம் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் கூடவே வந்துவிடும்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். அல்பட்ராஸ் வகைகள் 22 என்று அந்த ஒப்பந்தம் கணக்கு வைத்திருக்கிறது. அவற்றில் பெரியது நாடோடி அல்பட்ராஸ். அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்கடலில் திரிவது. இன்று உயிரோடிருக்கும் பறவைகளிலேயே மிக நீளமான இறக்கை இதற்குத்தான். இரண்டையும் விரித்தால் நுனிக்கு நுனி மூன்றரை மீட்டர் வரை வரும். ஒரு சின்ன மாருதி காரின் நீளம். ஆனால் அந்த இறக்கையின் சராசரி அகலம் ஒரு சாண்தான். எடை எட்டு, பத்துக் கிலோ. நீளமான, ஒடுங்கிய அந்த இறக்கைகளால், காற்றில்லாத இடத்தில் வெறுமனே சறுக்கினாலும் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 20 மீட்டருக்குமேல் முன்னே போய்விடும்.

சரி, இறங்காமல் எப்படி மணிக்கணக்கில் பறக்கிறது?

நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது பருந்து. உச்சி வெயிலில் இறக்கையை அசைக்காமல் வட்டமடித்துக்கொண்டே மேலே போகும். அங்கே நடப்பது வேறு. வெயிலில் சூடான தரையிலிருந்து வெப்பக்காற்று மேலே எழும்புகிறது. பருந்து அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, லிஃப்டில் போவதுபோல. தென்கடலில் அந்த லிஃப்ட் கிடையாது. தண்ணீர் குளிர்ந்து கிடக்கிறது, வானம் பாதி நாள் மூடியிருக்கிறது. அங்கே தாராளமாகக் கிடைப்பது ஒன்றுதான்: கிடைமட்டமாக ஓயாமல் அடிக்கிற மேற்குக் காற்று.

அடுத்த தப்பெண்ணம் இங்கேதான் வரும். ‘அவ்வளவு காற்று அடித்தால் பறக்க என்ன கஷ்டம், காற்றே தூக்கிக்கொண்டு போகுமே’ என்று தோன்றும். போகாது. ஓடுகிற ரயில் பெட்டிக்குள் பறக்கும் ஈயை நினைத்துப் பாருங்கள். ரயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் ஈ தன் இறக்கையை அடித்தே ஆக வேண்டும், நிறுத்தினால் விழுந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் காற்று முழுவதும் அதோடு சேர்ந்தே போகிறது. ஒரே சீராக அடிக்கும் காற்றும் அப்படித்தான். பறவையை இடம் மாற்றும். உயரத்தில் நிறுத்தி வைக்காது.

ஆனால் உண்மையான காற்று சீராக அடிப்பதில்லை. இது பட்டம் விட்டவர்களுக்குத் தெரியும். தரையில் நின்று ஓடி ஓடி இழுத்தாலும் பட்டம் தலைக்குமேல் தடுமாறிக் குப்புற விழும். எப்படியோ ஒருமுறை தென்னை உயரத்தைத் தாண்டிவிட்டால் போதும், அப்புறம் நூல் தானாக விரலை அறுத்துக்கொண்டு ஓடும். கீழே மரம், சுவர், தரை எல்லாம் காற்றை உரசிப் பிடித்து நிறுத்துகின்றன. மேலே போகப் போகப் பிடிப்பவர் யாரும் இல்லை. கடலிலும் இதே கதைதான். தண்ணீரை ஒட்டிய காற்று அலையில் உரசி மெதுவாகிவிடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் மேலே போனால் நல்ல வேகம். அல்பட்ராஸுக்கு அந்தப் பத்துப் பதினைந்து மீட்டரே போதும்.

இப்போது கணக்கு. வசதிக்காகக் கடலின் மேல் இரண்டே அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். கீழடுக்கில் காற்றே இல்லை. மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. பறவை கீழடுக்கில் 60 கிலோமீட்டர் வேகத்தில் மேற்கு நோக்கி வருகிறது, அதாவது காற்று வரும் திசைக்கு நேர் எதிராக. அப்படியே எழும்பி மேலடுக்குக்குள் நுழைகிறது. கடலை வைத்துப் பார்த்தால் அதன் வேகம் இன்னும் 60தான். ஆனால் எதிரே 30இல் காற்று வருகிறது. அப்படியானால் இறக்கையில் வந்து மோதும் காற்றின் வேகம் 90. இறக்கைக்கு இந்த வேகம்தான் முக்கியம். கடலை வைத்துப் பார்க்கும் வேகம் அதற்குத் தெரியவே தெரியாது.

மேலடுக்கில் இருந்தபடியே பறவை சாய்ந்து திரும்பிக் கிழக்கைப் பார்க்கிறது. காற்றோடு ஒப்பிட்ட வேகம் அதே 90. இப்போது காற்றும் கிழக்கே போவதால், கடலோடு ஒப்பிட்டால் 90ம் 30ம் சேர்ந்து 120 ஆகிவிட்டது. அங்கிருந்து கீழே பாய்கிறது. கீழடுக்கில் காற்று அசையாமல் நிற்பதால் இறக்கைக்கும் 120 கிடைக்கிறது. ஒரே சுற்றில் 60 போய் 120! ஏறும்போது கைவிட்டுப்போகும் வேகம் இறங்கும்போது அப்படியே திரும்பி வந்துவிடும் என்பதால் உயரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நிஜத்தில் இவ்வளவு லாபம் நிற்காது. காற்றின் இழுவை பாதி வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும். அடுக்குகளும் இப்படி வெட்டி வைத்ததுபோல் இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாக மாறும். ஆனால் பறவைக்கு வேகம் இரட்டிப்பாக வேண்டிய அவசியம் இல்லையே. ஒரு சுற்று முடியும்போது கிளம்பிய வேகமும் உயரமும் மிஞ்சினால் போதும். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். செலவை எல்லாம் காற்று ஏற்றுக்கொள்கிறது.

கப்பலின் பின்புறத்திலிருந்து பார்த்தால் இது இப்படித் தெரியும்: அலைகளுக்கு நடுவிலான பள்ளத்தில் பறவை கிட்டத்தட்ட ஒளிந்துவிடுகிறது. ஒரு பக்க இறக்கை நுனி தண்ணீரைத் தொடுகிறதோ என்று பதறும் அளவுக்குச் சாய்கிறது. அப்புறம் காற்றைப் பார்த்து எழும்புகிறது, உச்சியில் வயிற்றின் வெண்மை பளிச்சிட ஒரு கவிழ்ப்பு, மறுபடி பள்ளத்துக்குள். பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒரு சுற்று. கடலில் அதன் பாதையைக் கோடாக வரைந்தால் வளைந்து வளைந்து போகும். காற்றுக்கு நேர் எதிர்த்திசையில் ஓர் ஊர் இருந்தாலும் பாய்மரப் படகுபோல இப்படிக் கோணலாக முன்னேறிப் போய்ச் சேர்ந்துவிடும். அலை முகட்டில் மோதி எழும்பும் காற்றையும் இடையிடையே பயன்படுத்திக்கொள்கிறது. ஆனால் முதல் போடுவது மேலடுக்குக் காற்றுதான்.

இவ்வளவு நேரம் இறக்கையை நீட்டியே வைத்திருந்தால் தோள் வலிக்காதா? நாம் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி ஐந்து நிமிடம் நிற்க முடியாது. அல்பட்ராஸின் தோளில் தசைநார் ஒன்று தாழ்ப்பாள்போல வேலை செய்கிறது. இறக்கையை முழுதாக விரித்தவுடன் அது பூட்டிக்கொள்ளும்; தசைக்கு வேலை இல்லை. இதயத்துடிப்பை அளந்து பார்த்தவர்கள், மிதந்து பறக்கும்போது அது சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பதற்கு நெருக்கமாகவே இருப்பதைக் கண்டார்கள். எப்போது எகிறுகிறது என்றால், தண்ணீரிலிருந்து மேலெழும்பும்போது. அந்த நீள இறக்கையை அடித்து, காலால் ஓடி, எழும்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். காற்று அறவே நின்றுபோனால் பேசாமல் கடலில் மிதந்துகொண்டு காத்திருக்கிறது. இதுதான் இந்த வித்தையின் விலை: காற்று இல்லாத இடத்தில் அல்பட்ராஸ் ஒரு கனமான வாத்து.

இந்த ரகசியத்தைப் பிடித்ததில் ஓர் இந்தியத் தொடர்பு இருக்கிறது. அஸ்ஸாம் சமவெளியின் மேல் கூழைக்கடாக்களும் பெருநாரைகளும் இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுவதை அங்கே இருந்த பீல் என்ற ஆங்கிலேயர் கவனித்து எழுதினார். அதைப் படித்த இயற்பியலாளர் ரேலே பிரபு 1883இல் நேச்சர் இதழில் பதில் எழுதினார். ஒரு பறவை இறக்கை அடிக்காமல் போய்க்கொண்டிருந்தால் மூன்றில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும் என்றார்: அதன் பாதை கிடைமட்டமாக இல்லை, அல்லது காற்று கிடைமட்டமாக இல்லை, அல்லது காற்று சீராக இல்லை. முதலாவது வெறும் சறுக்கல். இரண்டாவது நம் பருந்து. மூன்றாவதில்தான் அல்பட்ராஸ் இருக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்தை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் அடக்கியதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் பொறாமையாக இருக்கிறது.

நம்பிக்கை வராதவர்கள் கலிபோர்னியாவின் மலைமுகடுகளில் ரிமோட் கிளைடர் விடுபவர்களைக் கேட்கலாம். எஞ்சின் இல்லாத பொம்மை விமானம். முகட்டின் மறைவில் காற்றில்லாத பகுதி, மேலே பலத்த காற்று. இரண்டுக்கும் நடுவே கிளைடரைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பார்கள். நாம் மேலே போட்ட கணக்குதான், சுற்றுக்குச் சுற்று வேகம் கூடும். 2021 ஜனவரி 19 அன்று அப்படி ஒரு கிளைடர் மணிக்கு 882 கிலோமீட்டரைத் தொட்டது. பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம், ஒரு சொட்டு எரிபொருள் இல்லாமல்.

அல்பட்ராஸ் அந்த லாபத்தை வேகத்தில் போடாமல் தூரத்தில் போடுகிறது. தெற்கு இந்தியப் பெருங்கடலில் குரோசே தீவுகள் இருக்கின்றன. முட்டையைத் துணையிடம் விட்டுவிட்டு இரை தேடப் போன நாடோடி அல்பட்ராஸ்களின் முதுகில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தினார்கள். 1990இல் முடிவு வெளியானது: ஒரே இரைப் பயணத்தில் 3,600 முதல் 15,000 கிலோமீட்டர் வரை. நாளொன்றுக்கு 900 கிலோமீட்டர் வரை போயிருக்கின்றன. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு! இன்னொரு வகையான சாம்பல்தலை அல்பட்ராஸ் ஒன்று 46 நாளில் பூமியைச் சுற்றி வந்திருக்கிறது. காற்று கூடினால் இவற்றுக்குக் கொண்டாட்டம். தென்கடலில் சில பத்தாண்டுகளாகக் காற்று பலத்துவருகிறது; குரோசே பறவைகளின் இரைப் பயண நாள் குறைந்து, உடம்பு ஒரு கிலோவுக்குமேல் கூடிவிட்டதை 2012இல் பதிவு செய்தார்கள்.

இனி காலண்டர் பக்கம் கொஞ்சம் திரும்புவோம். தென்கடலின் முக்கியத் தேதிகளில் பலவற்றின் ஓரத்தில் இந்தப் பறவை நிற்கிறது, பெரும்பாலும் சமையல் பாத்திரத்துக்குப் பக்கத்தில்.

அல்பட்ராஸைக் கொன்றால் கப்பலுக்குக் கேடு என்று மாலுமிகள் எல்லாரும் நடுங்கியதாகப் படித்திருப்பீர்கள். 1798இல் வந்த ஓர் ஆங்கில நெடுங்கவிதைதான் அந்த எண்ணத்தைப் பரப்பியது. கப்பலில் இருந்தவர்கள் அவ்வளவு பயந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் முதல் பயணத்தில் போன இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ், 1769 பிப்ரவரி 3 அன்று அல்பட்ராஸ்களைச் சுட்டார். இரண்டு நாள் கழித்து நாட்குறிப்பில் சமையல் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்: இரவே தோலை உரித்து விடியும்வரை உப்புத் தண்ணீரில் ஊறவிடு, அரைவேக்காடு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு, பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு நன்றாக வேகவைத்து, காரசாரமான குழம்போடு பரிமாறு. மேசையில் பன்றியிறைச்சி இருந்தும் எல்லாரும் இதையே விரும்பிச் சாப்பிட்டார்களாம். மீன் கவுச்சி போக உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது நம் கடற்கரைச் சமையல்காரர்களுக்கும் புரியும்.

அதே குக் 1775 ஜனவரி 17 அன்று தெற்கு ஜார்ஜியா தீவில் இறங்கினார். அண்டார்க்டிக் வட்டத்தை முதன்முதலாகக் கடந்ததும் 1773இல் இதே ஜனவரி 17இல்தான். நாடோடி அல்பட்ராஸின் பெரிய தாய்வீடுகளில் ஒன்று இந்தத் தெற்கு ஜார்ஜியா. 1916 மே 10 அன்று அதே தீவின் கரையில் ஒரு சின்னப் படகு ஒதுங்கியது. அண்டார்க்டிகப் பயணத்தில் பனியில் கப்பலை இழந்த கடலோடி ஷாக்கிள்டனும் ஐந்து பேரும், எலிஃபண்ட் தீவில் விட்டுவந்த தோழர்களுக்கு உதவி தேடி, ஏப்ரல் 24இல் கிளம்பியவர்கள். உப்பு வெட்டி, தூக்கமில்லாமல், எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்குக் கரையில் கிடைத்த முதல் நல்ல உணவு, கூட்டில் உட்கார்ந்திருந்த கொழுத்த அல்பட்ராஸ் குஞ்சுகள். அவற்றைக் குழம்பாக்கிச் சாப்பிட்டுத்தான் உடம்பு தேறினார்கள்.

மே மாதத்தில், குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், கூட்டில் கொழுத்த குஞ்சு எப்படி இருந்தது? இங்கேதான் அந்தப் பறக்கும் வித்தையின் மறுபக்கம் தெரிகிறது. பெற்றோர் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய் இரை கொண்டுவர வேண்டும். அதனால் குஞ்சு மெதுவாகத்தான் வளரும். முட்டை ஒன்றே ஒன்று, அதைப் பதினோரு வாரம் அடைகாக்க வேண்டும். பொரித்த குஞ்சு தென்துருவக் குளிர்காலம் முழுவதும் கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும். பறக்க ஒன்பது மாதம் ஆகும். ஆக ஒரு பிள்ளையை வளர்க்கவே ஓராண்டு ஓடிவிடுகிறது; இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சு என்பதே பெரிய காரியம். அந்தக் குஞ்சு தானும் முட்டையிடப் பத்து வயதாவது ஆக வேண்டும். நீண்ட ஆயுள், குறைந்த பிள்ளைகள். வளர்ந்த பறவைகள் சாகாமல் இருக்கும்வரை இந்த ஏற்பாடு பிரமாதமாக ஓடும்.

சாகத் தொடங்கியது நெடுந்தூண்டில் மீன்பிடிப்பு பரவியபோது. சூரைக்காகவும் மற்றப் பெரிய மீன்களுக்காகவும் பல கிலோமீட்டர் நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கான தூண்டில்களை இரையோடு கப்பலின் பின்னால் விடுவார்கள். இரை தண்ணீருக்குள் மூழ்குவதற்குமுன் சில விநாடி மேலே மிதக்கும். காற்றின் செலவில் கடலையே அளந்து பார்க்கும் பறவைக்கு மோப்பமும் கூர்மையானது. கப்பல் எங்கே இருந்தாலும் வந்து சேர்ந்துவிடும். கொத்தும், முள் தொண்டையில் ஏறும், கயிற்றின் எடை உள்ளே இழுத்துக்கொள்ளும். செத்தது ஒரு பறவைதான் என்றாலும், அன்றைக்குத் தீவில் அதற்காகக் காத்திருக்கும் குஞ்சும் போயிற்று. துணைக்கோ புதிய ஜோடி தேடச் சில ஆண்டுகள் ஆகும்.

தீர்வு இருக்கிறது, அதுவும் மலிவாக. கப்பலின் பின்பக்கத்தில் உயரமாக ஒரு கயிறு கட்டி அதில் வண்ண நாடாக்களைத் தொங்கவிட வேண்டும். காற்றில் அவை துடிப்பதைப் பார்த்துப் பறவை கிட்ட வராது. நம்மூர் வயலில் காக்கையை விரட்டக் கட்டும் பளபளப்பு ரிப்பன் மாதிரிதான். இதை ஜப்பானிய மீனவர் ஒருவர் கண்டுபிடித்தார். இன்னும் இரண்டு வழி: தூண்டில் கயிற்றில் கூடுதல் எடை கட்டி வேகமாக மூழ்கச் செய்வது, இரவில் மட்டும் தூண்டில் போடுவது. நமீபியாவில் இதைச் சட்டமாக்கிக் கப்பல்களில் செய்து பார்த்தார்கள். அங்கே நெடுந்தூண்டில் கப்பல்களில் கடற்பறவைச் சாவு 98 விழுக்காடு குறைந்தது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. கப்பல்களின் ரேடார் அலையை உணரும் சின்னக் கருவியை அல்பட்ராஸ்களின் முதுகில் கட்டி அனுப்பினார்கள். கப்பலைத் தேடிப் போவது அவற்றின் வழக்கம்தானே. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடல் பகுதியில் அவை கண்ட கப்பல்களில் மூன்றில் ஒன்றுக்குமேல் தங்கள் இருப்பிடத்தை அறிவிக்கும் கருவியை அணைத்து வைத்திருந்தன என்று 2020இல் தெரியவந்தது. மாட்டிச் செத்துக்கொண்டிருந்த பறவை ரோந்துக்குப் போன மாதிரி ஆகிவிட்டது.

நம் பக்கம் அல்பட்ராஸ் வருமா என்று கேட்பவர்களுக்கு: பூமத்திய ரேகையை ஒட்டிக் காற்று சோம்பிக் கிடக்கும் கடல் ஒரு சுவர்போல நிற்பதால் தென்கடல் வகைகள் பொதுவாக இங்கே வருவதில்லை. ஆனால் ஒன்று வழி தவறி வந்திருக்கிறது. வெளிறிய சாம்பல் முதுகு கொண்ட லைட் மேன்டில்டு என்ற வகை இராமேசுவரம் தீவில் காணப்பட்டது. ஆசியாவிலேயே அந்த வகைக்கு அதுதான் முதல் பதிவு என்று 2022இல் ஓர் ஆய்விதழ்க் குறிப்பு சொன்னது. அந்தச் சுவரை எந்தப் புயல் தாண்ட வைத்ததோ.

வட பசிபிக்கில் மட்டும் மூன்று வகைகள் நிலையாக வாழ்கின்றன. அவற்றில் லேசான் என்ற வகை லட்சக்கணக்கில் கூடும் இடம் மிட்வே தீவு. இரண்டாம் உலகப் போரில், 1942 ஜூன் 4இல் கடற்போர் தொடங்கியதே, அதே மிட்வே. 1956 டிசம்பர் 10 அன்று சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் அங்கே கூட்டிலிருந்த ஒரு பெட்டையின் காலில் வளையம் மாட்டினார். முட்டையிடும் பருவம் என்பதால் அப்போதே ஐந்து வயதுக்குக் குறையாது. 2002இல் ராபின்ஸ் மறுபடி மிட்வேக்கு வந்தார். வளையம் தேய்ந்துபோயிருந்த ஒரு பறவையைப் பிடித்துப் புதிய வளையம் போட்டார். ஊருக்குத் திரும்பிப் பழைய எண்ணைப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடிப் போனபோது, முதல் பதிவு 46 ஆண்டுக்குமுன் அவர் கையாலேயே எழுதியது என்று தெரிந்தது. அந்தப் பறவைக்கு விஸ்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராபின்ஸ் 2017இல் தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். 2024 நவம்பரில் விஸ்டம் காலில் சிவப்பு வளையத்தோடு மிட்வேயில் வந்திறங்கி, இன்னொரு முட்டை இட்டது.